யானைமலையா, சமணர் மலையா? பிள்ளைகளோடு ஒரு நாள் ஏறி இறங்க

கேட்கப்பட்டது இதுதான்: "அரையாண்டு விடுமுறைக்கு மதுரை வருகிறோம். ஆறு வயதுப் பெண், பதினொரு வயதுப் பையன், கூடவே 62 வயது அம்மா. ஒரே நாளில் ஏறி இறங்குகிற மாதிரி, கதை உள்ள மலையாக வேண்டும். யானைமலை சரிப்படுமா? சமணர் மலை என்றால், எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றிய கதையைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?"

சமணர் மலைக்குப் போங்கள். யானைமலையைக் கண்ணால் பார்த்தால் போதும், ஏற வேண்டாம்.

காரணம் சொல்லிவிடுகிறேன். யானைமலை ஒத்தக்கடைப் பக்கம், மேலூர் சாலையில் போகும்போதே தெரியும். தும்பிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் யானை மாதிரி ஒரே பாறை. படத்துக்கு அதைவிட அழகான மலை மதுரையில் கிடையாது. ஆனால் மொட்டைப் பாறை, சரிவு அதிகம், சின்னப் பிள்ளை கால் வைக்கிற இடம் எல்லாம் நம்பிக்கையாக இருக்காது. அடிவாரத்தில் நரசிங்கம் ஊரில் இருக்கும் யோக நரசிங்கர் குடைவரையைப் பார்த்துவிட்டு வரலாம். பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770இல் குடைந்தது, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. பக்கத்தில் முருகனுக்கு லாடன் கோயில் என்று ஒரு சின்னக் குடைவரையும் உண்டு. இதெல்லாம் தரையில் நின்று பார்க்கிற வேலை. மதியத்துக்கு மேல், காரில் போகிற வழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்குக் கீழக்குயில்குடி சமணர் மலைதான். நகரத்துக்கு மேற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய பெரிய ஆலமரங்கள். கோயிலை ஒட்டிப் பாறையிலேயே வெட்டிய படிகள், செங்குத்தான இடங்களில் கம்பிப் பிடி. மேலே சிற்பங்கள் இருக்கிற பேச்சிப்பள்ளம் என்ற இடம் வரைக்கும் ஆறு வயதுப் பிள்ளை தன் காலாலேயே ஏறிவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி இல்லையென்றால் அவர்களும் வரலாம். இருந்தால் ஆலமர நிழலில் உட்காரட்டும்; அந்த இடத்துக்காகவே நான் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவதுண்டு.

முதலில் மேலே ஏறாதீர்கள். மலையின் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு என்று ஒரு குகை இருக்கிறது, அங்கே போங்கள். புடவு என்றால் குகை. சில படிகள்தான், மூச்சு வாங்காது. குகைக்கு வெளியே இடது பக்கப் பாறையில் ஆள் உயரத்தைவிடப் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் பெருங்குரு, சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடையான முக்குடை, இரண்டு பக்கமும் சாமரம் வீசுகிறவர்கள். மகாவீரர் என்பது வழக்கம். இதைப் பிள்ளைகளிடம் உடனே சொல்லிவிடாதீர்கள் என்பதுதான் என்னுடைய ஒரே நிபந்தனை. "இவர் யாராக இருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

நான் என் மகளையும் அக்கா பையனையும் கூட்டிப்போனபோது அப்படித்தான் செய்தேன். பையன், "புத்தர்" என்றான், பாடப்புத்தகப் பழக்கம். மகளுக்கு அப்போது ஏழு வயது. கிட்டப் போய், கொஞ்ச நேரம் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தாவுக்குக் கம்மல் கழன்று விழுந்துவிட்டது, அதனால்தான் காது தொங்குகிறது" என்றாள். கூட வந்திருந்த என் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏனென்றால் அந்த ஊர்க்காரர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுபிடித்ததும் அதேதான். தொங்குகிற காது, திடமான உடம்பு, சம்மணம் போட்டு உட்கார்ந்த நிம்மதி. பார்த்தால் கடையில் உட்கார்ந்திருக்கிற செட்டியார் மாதிரி இருக்கிறதே! அப்படித்தான் அது செட்டிப்புடவு ஆயிற்று.

மலையில் இருக்கிற கதைகள் எல்லாம் இப்படி வந்தவைதான் என்று நினைக்கிறேன். எழுத்தைப் படிக்க ஆள் இல்லாமல் போனபிறகு, கண்ணால் பார்த்ததை வைத்து ஊர் கட்டிய கதைகள். மேலே இருக்கிற பேச்சிப்பள்ளத்துக்குப் பெயர் வந்தது அங்கே இருந்த பேச்சியம்மனால். மலையின் இன்னொரு கோடியில் துறவிகள் படுத்த கற்படுக்கைக்கு மக்கள் வைத்த பெயர் பஞ்சவர் படுக்கை, அதாவது பாண்டவர்கள் படுத்ததாம். தமிழ்நாட்டில் எந்தப் பாறையில் வழவழப்பாக ஒரு படுக்கையைப் பார்த்தாலும் பாண்டவர்களைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவோம். அவர்களும் எத்தனை இடத்தில்தான் தூங்குவார்கள்!

குகைக்குள் போனால் மேல் வளைவில் ஐந்து சிற்பங்கள் வரிசையாக இருக்கும். நடுவில் மூன்று பேர் தீர்த்தங்கரர்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்க்க மாட்டார்கள், ஓரத்தில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து வில்லை வளைக்கிற பெண்ணைத்தான் பார்ப்பார்கள். அவளுக்கு எதிரே யானை மேல் ஒருவன். பார்த்தவுடன் மகிடனோடு போரிடும் துர்க்கை என்றுதான் தோன்றும். ஆனால் அவள் இயக்கி, தீர்த்தங்கரருக்குக் காவலாகச் சமணர் வைத்த பெண் தெய்வம். அந்தச் சிங்கத்தை நிதானமாகப் பாருங்கள், அந்த யானை மீது பாய்கிற வேகம் கல்லில் அப்படியே நிற்கிறது. டார்ச் ஒன்று கொண்டுபோனால் நல்லது; பக்கவாட்டில் பிடித்தால்தான் சிற்பம் எழுந்து வரும், நேராக அடித்தால் தட்டையாகிவிடும்.

அதே டார்ச்சைச் சிற்பங்களுக்குக் கீழே பிடியுங்கள். வட்ட வட்டமாகக் கீறியிருப்பது வட்டெழுத்து. தமிழ்தான், எழுத்துதான் வேறு. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பெரும்பாலும் ஒரே மாதிரியான வாசகம்: இன்னார் மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி. திருமேனி என்றால் இங்கே தெய்வச் சிற்பம். அவற்றில் ஒன்றில் குணசேனதேவர், அவருடைய மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதர், அவருடைய மாணாக்கர் குணசேனப் பெரியடிகள் என்று மூன்று தலைமுறை வரும். மதுரைக்குத் தெற்கே குறண்டி என்ற ஊரில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் (துறவிகள் தங்கிக் கற்பித்த இடம்) பெயரும் இந்த மலையில் திரும்பத் திரும்ப வருகிறது. பையனிடம், "இது ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்களின் பெயர்ப் பலகை" என்றேன். அவனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "அப்ப தாத்தா வாத்தியார், இவரு பேரன் வாத்தியாரா?" என்றான். கிட்டத்தட்ட அப்படித்தான்.

இப்போது கழுவேற்றக் கதைக்கு வருகிறேன். அதை மறைக்க வேண்டாம், பையன் எங்கேயாவது கேட்டுத்தான் தீருவான். ஆனால் சொல்கிற இடம் முக்கியம். இந்தக் கல்வெட்டுக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்து, பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்த்து, ஏட்டை நெருப்பில் இடும் அனல் வாதத்திலும் ஆற்றில் விடும் புனல் வாதத்திலும் சமணர்களை வென்றார், தோற்ற எண்ணாயிரம் பேர் கழுவேறினார்கள் என்பது கதை. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. அவர் மதுரையில் பாடிய பதிகத்தில், "ஆனைமாமலை ஆதியாய இடங்களில்" இருக்கிற சமணர்களுக்கு நான் எளியவன் அல்ல என்று பாண்டிமாதேவியிடம் சொல்கிறார். அதே பதிகத்தில் சந்துசேனன், இந்துசேனன், தருமசேனன் என்று அவர்களின் பெயர்களை அடுக்கிக் கேலியும் செய்கிறார். கழுவேற்றம் விரிவாக வருவது அவருக்கு ஐந்நூறு ஆண்டு கழித்து, 12ஆம் நூற்றாண்டில், பெரியபுராணம் பாடிய சேக்கிழாரிடம்.

சரி, இப்போது டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கல்வெட்டைப் பாருங்கள். சம்பந்தருக்கு இருநூறு ஆண்டுக்குப் பிறகு, அவர் கேலி செய்த அதே வகைப் பெயரோடு ஒரு குணசேனர், மதுரைக்கு இவ்வளவு பக்கத்தில், மாணாக்கர், மாணாக்கருக்கு மாணாக்கர் என்று பரம்பரையோடு உட்கார்ந்து, செலவு செய்து சிற்பம் எடுப்பித்திருக்கிறார். எல்லாரையும் கொன்று முடித்த ஊரில் இது நடக்காது. வாதம் நடந்திருக்கலாம், அரசனின் ஆதரவு கைமாறியிருக்கும், கசப்பு இருந்தது என்பதற்குப் பதிகமே சாட்சி. எண்ணாயிரம் என்ற கணக்கை மட்டும் நான் நம்பவில்லை. சமணருக்கு மதுரையைச் சுற்றி எட்டு மலைகள் என்று ஒரு பழைய வெண்பா சொல்கிறது. மலைக்கு ஆயிரம் என்று பெருக்கிப் பார்த்தால் எண்ணாயிரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யூகிக்கலாம். இது என் யூகம், அவ்வளவுதான்.

பெண்ணுக்கு இது வேண்டாம். அவளுக்கு மூன்று மிருகக் கதை போதும், அதை மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிப்புடவிலிருந்து திரும்பி அய்யனார் கோயிலுக்கு வந்து, அங்கிருந்து படியேறுங்கள். நிதானமாகப் போனால் அரை மணிக்குள் பேச்சிப்பள்ளம். ஒரு சின்னச் சுனை, அதற்கு மேல் பாறையில் எட்டுத் திருவுருவங்கள் வரிசையாக. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் பார்சுவநாதர். கொடி சுற்றி நிற்கிறவர் பாகுபலி. நின்ற இடத்திலேயே தவம் செய்ததில் கொடி காலைச் சுற்றி ஏறிவிட்டது, அவர் அசையவில்லை. இந்த ஒரு வரியைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு "யார் அதிக நேரம் அசையாமல் நிற்பது?" என்று போட்டி வைத்தால் உங்களுக்குக் கல்வெட்டைப் பார்க்க ஐந்து நிமிடம் கிடைக்கும். எங்கள் வீட்டில் இரண்டு நிமிடம்தான் கிடைத்தது.

அந்த வரிசையில் எனக்குப் பிடித்த கல்வெட்டு ஒன்று உண்டு. "ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி." அச்சணந்தி என்பவர் அந்தக் காலத்தில் பெரிய சமண முனிவர். யானைமலை, கீழவளவு, அழகர்மலை என்று பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில் அவர் பெயர் வெட்டிய சிற்பங்கள் இருக்கின்றன. வீட்டைத் துறந்து போன பிள்ளை. இங்கே அவருடைய அம்மா தன் பெயரால் ஒரு திருமேனி செய்து வைத்திருக்கிறார். அதில் தன்னை அவர் இன்னாருடைய தாயார் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். என் அத்தை இதைக் கேட்டுவிட்டு, "துறவின்னு போனாலும் பெத்தவ விடுவாளா?" என்று சொல்லிவிட்டு அந்த எழுத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். உங்கள் அம்மா அதுவரைக்கும் ஏறினால் இதை அவர்களிடம் காட்டுங்கள்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே போனால் ஒரு கல் அடித்தளம் மட்டும் மிச்சம். பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்து மாதேவிப் பெரும்பள்ளி அது, 9ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி. கட்டடம் போய்விட்டது. அதற்கும் மேலே உச்சியில் தீபத்தூண், பக்கத்தில் பாறையில் ஒரு கன்னடக் கல்வெட்டு. மதுரை மலை உச்சியில் கன்னடம் எதற்கு என்று கேட்பீர்கள். கர்நாடகத்துச் சமணத் துறவிகள் இவ்வளவு தூரம் வந்து போயிருக்கிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். இந்த மேல் பகுதிக்கு ஒழுங்கான படி கிடையாது, பாறைச் சரிவில் நடக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் பெண்ணைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருந்தால் பேச்சிப்பள்ளத்தோடு திரும்பிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உச்சியில் நின்று மிருகங்களைத் தேடச் சொல்லுங்கள். வடமேற்கே நீளமாக நெளிந்து போகிற கரடு நாகமலை. கிழக்கே தள்ளி, கட்டடங்களுக்கு நடுவில் சின்னதாகத் தெரிவது பசுமலை. நகரத்துக்கும் அப்பால் வடகிழக்கில், வானம் தெளிந்திருந்தால், நீலமாகப் படுத்திருப்பது யானைமலை. மூன்றும் மதுரையை அழிக்க வந்தவை என்பது திருவிளையாடற் புராணம். சோழன் ஏவ, சமணர்கள் வேள்வி செய்து மலை அளவு யானையை அனுப்பினார்கள். விக்கிரம பாண்டியனுக்காகச் சொக்கநாதர் வில்வீரனாக வந்து நரசிங்கக் கணையை விட்டார், யானை கல்லாகச் சாய்ந்தது. பிறகு பாம்பு வந்தது, அனந்தகுண பாண்டியன் எய்து கொன்றான். அது கக்கிய விஷத்தைச் சொக்கநாதர் தலையில் இருந்து ஒரு துளி அமுதம் சிந்தித் தீர்த்தார். கடைசியாகப் பசு. பசுவைக் கொல்வது பாவம் என்பதால் இந்தத் தடவை அம்பு இல்லை, நந்தியைக் காளையாக அனுப்பினார். காளையின் அழகைப் பார்த்தே பசு மயங்கி விழுந்து மலையாகிவிட்டது. என் மகளுக்கு இந்தக் கடைசிப் பகுதி கொஞ்சமும் திருப்தி இல்லை. "சண்டையே போடலையா?" என்று இறங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பையனுக்கு ஒரு கூடுதல் புதிர் தரலாம். யானையைக் கொன்ற கணையின் பெயர் நரசிங்கம். யானைமலை அடிவாரத்துக் கோயிலும் நரசிங்கர் கோயில், 770ஆம் ஆண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. கோயிலைப் பார்த்துக் கதை வந்ததா, கதையைக் கேட்டுக் கோயில் வந்ததா? நான் கோயில்தான் முதலில் என்பேன். அவன் என்ன சொல்கிறான் பாருங்கள்.

நேரம், சாமான் விஷயத்துக்கு வருகிறேன். காலை ஆறரைக்கு அடிவாரத்தில் இருங்கள். பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். நான் முதல் தடவை போனது ஒரு சித்திரை மாதம், காலை பதினோரு மணிக்கு. பாறை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. பாதியில் நிழல் இல்லை, கொண்டுபோன ஒரு லிட்டர் தண்ணீர் முதல் கால் மணியிலேயே காலி. பையனுக்கு முகம் சிவந்து தலை சுற்றுகிறது என்றதும் அப்படியே இறக்கிக் கூட்டிவந்துவிட்டேன். நீங்கள் வருவது மார்கழி, அந்தப் பயம் இல்லை. இருந்தாலும் ஆளுக்கு ஒரு லிட்டர் வையுங்கள். சுனைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். செருப்பைவிட ரப்பர் அடி உள்ள ஷூ நல்லது. தேய்ந்த ஷூவாக இருந்தால் அதைவிட வெறுங்கால் மேல். தின்பண்டக் காகிதத்தை மேலே விடாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் விட்டுவிட்டுப் போனவர்களுடையதைப் பார்ப்பீர்கள்.

பாறைகளில் காதலர்கள் கீறிவைத்த பெயர்களையும் பார்ப்பீர்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். அதைப் பற்றி நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது அக்கா பையன், "மாமா, அந்தக் குணமதியாரும் பேரைத்தானே எழுதி வச்சாங்க?" என்று கேட்டுவிட்டான். அவர் ஒரு சிற்பத்தைச் செய்து வைத்துவிட்டுப் பெயர் எழுதினார், இவர்கள் சிற்பத்தின் மேலேயே எழுதுகிறார்கள் என்று சமாளித்தேன். உங்கள் பையனும் கேட்பான், பதிலை யோசித்து வையுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், கீறினால் தண்டனை உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இறங்கியதும் ஆலமரத்தடியில் சாப்பாடு. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், அந்த நிழலுக்கு அதுதான் பொருத்தம். அய்யனாரையும் மண் குதிரைகளையும் பிள்ளைகள் விட்டு வர மாட்டார்கள், அதற்கு அரை மணி ஒதுக்குங்கள்.

யாருக்கும் களைப்பு இல்லையென்றால் மட்டும் முத்துப்பட்டி. இதே மலைத்தொடரின் தென்மேற்கு முனை, பெருமாள் மலை என்பார்கள். நான் முன்பு சொன்ன பஞ்சவர் படுக்கை இங்கேதான். ஏற்றம் ஒன்றும் பெரிதல்ல. ஒரு பெரிய பாறைக்கு அடியில் வரிசையாகக் கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை மாதிரி மேடு. எழுத்து இங்கே வட்டெழுத்து அல்ல, அதைவிடப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமி. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. அவற்றில் ஒன்றில் முசிறி வருகிறது: "நாகபேரூரதைய் முசிறிகோடன் எளமகன்." மேற்குக் கடற்கரையில் யவனர் கப்பல் வந்து மிளகு ஏற்றிக்கொண்டு போன அதே முசிறியின் பெயர், மதுரைக் கரட்டில் ஒரு துறவியின் படுக்கையில். பையனுக்குச் சங்க இலக்கியம் பாடத்தில் வந்திருந்தால் துள்ளிக் குதிப்பான். படுக்கையில் படுத்துப் பார்க்கவும் கேட்பான், எழுத்து உள்ள பக்கம் விட்டுவிட்டு வேறு பாறையில் படுக்கச் சொல்லுங்கள்.

என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. தீர்த்தங்கரர், முக்குடை, இயக்கி எல்லாம் தெரியும். ஆனாலும் தேனிப் பக்கம் போகும்போது பஸ்ஸில் இருந்து அந்த மலை தெரிந்தால், "கம்மல் தாத்தா இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்றுதான் கேட்கிறாள்.